பில் போட்டால் பணம் வந்துவிடுமா?

பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். வெளியாட்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மணிக்கு எவ்வளவு வாங்குவாங்க?" ரேட்டைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் ரேட்டை வைத்துக்கொண்டு சம்பளம் போட முடியாதே. உழைத்த நேரத்தில் பில்லாக மாறியது எவ்வளவு, பில்லில் கைக்கு வந்தது எவ்வளவு என்பதுதான் எங்கள் கவலை.

வக்கீல்கள் நேரத்தை 6 நிமிடக் கணக்கில், அதாவது 0.1 மணியாக எழுதுவார்கள். மாதக் கடைசியில் அதைத் தொகுத்து, வரைவு பில்லாக பார்ட்னரிடம் அனுப்புவோம். "ஒப்பந்த வரைவைப் படித்துத் திருத்தியது, 2.4 மணி" என்று ஜூனியர் எழுதியிருப்பார். பார்ட்னர் அதை அடித்து 1.5 என்று போட்டுவிட்டு, "அவன் கத்துக்கிட்டதுக்குக் கட்சிக்காரர் ஏன் காசு கொடுக்கணும்?" என்பார். நியாயம்தான். ஆனால் ஜூனியருக்கு 2.4 மணிக்கும் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. அப்புறம் கட்சிக்காரர் தன் பங்குக்கு ஒரு தள்ளுபடி கேட்பார். 10 மணி உழைப்பு பில்லில் 9 ஆகி, வசூலில் 8 ஆகும். சம்பளமும் வாடகையும் இதற்காகக் குறையப்போவதில்லை; விட்டுப்போன 2 மணியும் நேரே லாபத்திலிருந்துதான் கழியும்.

வேலை முடிந்து பணம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை செலவைத் தாங்குவது பார்ட்னர்கள் போட்ட முதலும் வங்கிக் கடனும்தான். லாபத்தைச் சேர்த்து வைக்கும் வழக்கமும் குறைவு. வருடக் கடைசியில் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதனால் கடைசி வாரங்களில் ஒரே வசூல் மும்முரம். எதிர்த்தரப்பிடம் கறாராகப் பேரம் பேசுகிற பார்ட்னர், சொந்தக் கட்சிக்காரரிடம் பாக்கியைக் கேட்கச் சொன்னால், "அடுத்த வாரம் பார்க்கலாமே" என்று நழுவுவார்!

இந்தப் பரபரப்புக்கு ஒரு எண்ணும் காரணம்: பார்ட்னர் ஒருவருக்கு எவ்வளவு லாபம். அமெரிக்காவில் 1985-இல் 'தி அமெரிக்கன் லாயர்' பத்திரிகை பெரிய நிறுவனங்களின் வருமானத்தை வரிசைப்படுத்தி வெளியிடத் தொடங்கியது. பக்கத்து நிறுவனத்துக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பது அதன்பிறகு ரகசியமாக இல்லை. லாபத்தைக் கூட்டாமலே இந்த எண்ணை உயர்த்தலாம் என்பதுதான் வேடிக்கை. பங்குள்ள பார்ட்னர்களில் சிலரைச் சம்பளக்கார பார்ட்னர்களாக மாற்றினால் போதும்; லாபத்தை வகுக்கும் தலைகள் குறைந்துவிடும்.

எண் சரிந்தால் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் முதலில் கிளம்புவார்கள், கட்சிக்காரர்களும் கூடவே. போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்று வக்கீலைக் கட்டிப்போட அமெரிக்கத் தொழில் விதிகள் இடம் தருவதில்லை. டூயி அண்ட் லெபோஃப் என்ற பெரிய அமெரிக்க வக்கீல் நிறுவனம் அப்படித்தான் 2012 மே மாதம் திவாலானது. பார்ட்னர்கள் பலருக்கு, வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். பணம் போதவில்லை என்றதும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

அந்தச் செய்தியில் எங்கள் பிரிவு கவனித்தது பாக்கிப் பட்டியலைத்தான். கேஸைப் பார்த்த வக்கீல் வேறு இடத்துக்குப் போய்விட்டார், நிறுவனமும் இழுத்து மூடுகிறது என்றால், பழைய பில்லைக் கட்ட எந்தக் கட்சிக்காரருக்கு அவசரம்?