மூச்சும் மாதக் கடைசியும்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பூஜை அறை கிடையாது. அதனால் சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்தில் இருக்கும் விபாசனா தியான மையத்தில் பத்து நாள் தங்கப்போகிறேன் என்றதும் அப்பா, "கடைசில சாமியார்கிட்ட மாட்டிக்கிட்டியாம்மா?" என்று சிரித்தார்.

அங்கே சாமியாரும் இல்லை, கட்டணமும் இல்லை. விடிகாலை நான்கு மணிக்கு மணி அடித்து எழுப்புவார்கள். கூட இருப்பவர்களோடு பேசக் கூடாது. முதல் மூன்று நாளும் மூக்கருகே வந்துபோகும் மூச்சுதான். உடம்பு முழுக்கக் கவனத்தை ஓட்டிப் பார்க்கும் விபாசனா நான்காம் நாள்தான் வரும். சாயங்காலம் போடும் பதிவு செய்த உரையில், இந்தத் தியானத்தைப் பரப்பிய கோயங்கா முற்பிறவியைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டேன், எடுத்துக்கொள்ளவில்லை. முழங்கால் வலிப்பதைக் கவனிக்க மறுபிறவி எதற்கு?

எனக்குப் பிடித்த ஆள் கோயங்காவின் ஆசிரியர் ஊ பா கின். 1948-ல் பர்மா விடுதலை அடைந்தபோது அந்த நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனவர். காவி கட்டவில்லை, ஃபைல் பார்த்துக்கொண்டே ரங்கூன் ஆபீஸில் தன் ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தார். வியாபாரியான கோயங்கா 1955-ல் அவரிடம் போனதே ஒற்றைத் தலைவலி தாங்காமல்தான். நானும் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் என்பதால் ஊ பா கின் மேல் ஒரு ஒட்டுதல், வேறொன்றும் இல்லை.

காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் நடக்கிற காரியமா? காலையில் அரை மணி கிடைத்தால் பெரிது. ஆனால் கவனத்தைப் பற்றிய புத்தரின் உரையான சதிபட்டான சூத்திரத்தைப் படித்தபோது தெம்பு வந்தது. நடப்பது, கையை மடக்குவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது வரை எல்லாவற்றையும் தெரிந்து செய் என்கிறது அது. கக்கூஸையே விட்டுவைக்காதவர்கள் ஆபீஸை விடுவார்களா?

மாதக் கடைசியில், பணம் வரவேண்டியவர்களிடமிருந்து போன் வரும். "என்ன மேடம், ரெண்டு மாசமா இழுக்கறீங்க?" பில் ஏதோ ஒரு டேபிளில் அப்ரூவலுக்குக் கிடக்கும், திட்டு எனக்கு. முதலில் தாடை இறுகும். அப்புறம் காதுக்குப் பின்னால் சூடு ஏறும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று ஒரு பதில் தயாராக நிற்கும். அந்தச் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் அதுவாகவே இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எல்லா நாளும் முடிவதில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு எரிச்சல். 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தீராத வலிக்காரர்களுக்காக ஆரம்பித்த பயிற்சியின் சாயல்தான் இன்று எச்.ஆர். நடத்தும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' வகுப்புகளில் இருக்கிறது. பத்து நிமிடம் மூச்சைக் கவனி, பிறகு இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார் என்பதுதான் அதன் சாரம். கவனிப்பது வேறு, விழுங்குவது வேறு.

போன மாதம் மேனேஜரிடம், இனி எட்டு மணிக்கு மேல் உட்கார முடியாது என்றேன். குரல் நடுங்கியது, வயிறு இழுத்துப் பிடித்தது, எல்லாம் தெரிந்தது.

"நீங்கதான் தியானமெல்லாம் பண்றீங்களே, டென்ஷன் ஆகலாமா?" என்றார்.

"டென்ஷனாகுதுன்னு தெரிஞ்சுதான் சார் சொல்றேன்" என்றேன்.