என் பெயரை நானே எடுத்த மாதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பணம் கட்டுவதும் என் வேலைதான். 2023 ஜூனில் முதலாளி எனக்கு இரண்டாயிரம் ரூபாய் கூட்டிப் போட்டார். 20,500 என்பது 22,500 ஆனது. வீட்டுக்காரி கேசரி கிளறினாள். எனக்குத்தான் அது தொண்டைக்குள் இறங்கவில்லை.

காரணம் இருக்கிறது. 2018 முதல் எனக்குப் பெருங்குடலில் புண். டாக்டர் சீட்டில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று இருக்கும். அம்மாவுக்கு இன்றைக்கும் அது மூலச்சூடுதான். கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ரத்தமும் சளியுமாகப் போகும். ஆபீசுக்கும் பேக்கிங் செக்‌ஷனுக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ் உள்ள கம்பெனியில் இது என்ன பாடு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அடங்கிக் கிடக்கும் நாளிலும் மாத்திரையை விடக்கூடாது. மெசலமைன் 1.2 கிராம், தினம் இரண்டு. அதெல்லாம் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சும்மாவே கிடைத்தது. வரிசையில் அரை நாள் போகும், அவ்வளவுதான். சம்பளத்தில் பிடித்தம் முக்கால் சதவீதம். எனக்கு மாதம் 154 ரூபாய்.

இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு 21,000. அதைத் தாண்டினால் நடப்பு ஆறு மாதக் கணக்கு முடிகிறவரை விடுவார்கள், அப்புறம் வெளியே. அந்த ஆறு மாதம் செப்டம்பரோடு முடிந்தது. அதனால் அக்டோபர் மாதக் கணக்கில் என் பெயரை நானே எடுத்தேன். பட்டியலில் எனக்கு மேலே டெய்லர் ஒருவர், கீழே செக்கிங் அக்கா ஒருவர். நடுவில் இருந்த வரி போனதும் அக்கா ஒரு படி மேலே ஏறிக்கொண்டார். ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. செப்டம்பர் வரை கட்டிய பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை வைத்தியம் உண்டு. தெரியாமல் கார்டைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் 2024 ஜூன் வரை விடாமல் போய் வாங்கினேன்.

ஜூலையில் மெடிக்கலில் கேட்டேன். ஒரு மாத்திரை 36 ரூபாய். மாதத்துக்கு 60 மாத்திரை, 2,160. சம்பளம் கூடியது 2,000, பிடித்தம் மிச்சம் 154. ஆக, சம்பள உயர்வால் எனக்கு மாதம் 6 ரூபாய் நஷ்டம். கால்புரோடெக்டின் என்று மலத்தை வைத்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று உண்டு, ஒரு தடவைக்கு 2,800. அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். என்னுடையது 2,70,000. தனியாரில் ஒரு பாலிசி எடுத்தேன். நோயை மறைக்காமல் எழுதினேன், மூன்று வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். தினசரி மாத்திரைக்கு என் பாலிசியில் இடமில்லை.

நவம்பரில்தான் அந்த யோசனை வந்தது. உடம்பு நன்றாக இருக்கிறதே, பாதிப் பாதியாகப் போட்டால் என்ன? சமையல் மேடையில் பிளேடை வைத்து அழுத்தினேன். செங்கல் நிறத்தில் இருந்த மேல்பூச்சு சில்லாகத் தெறித்தது, உள்ளே வெளுத்த மாவு. அரைத் துண்டுகளை ஒரு பழைய விபூதி டப்பாவில் போட்டு வைத்தேன். மாதம் 1,080 மிச்சம் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போன இடத்தில் ரத்தம் வந்துவிட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி, பில் 54,300. வீட்டுக்காரியின் செயின் அடகுக்குப் போனது. "ஏனுங்க, என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். மூன்றாம் நாள் டாக்டரிடம் டப்பா விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார். மருந்து இரைப்பையில் கரையாமல் பெருங்குடல் பக்கம் போய்ச் சேருவதே அந்தப் பூச்சால்தானாம். உடைத்துவிட்டால் வழியிலேயே கரைந்துவிடும், புண் இருக்கிற இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. இரண்டு மாதமாக மாதம் 1,080 ரூபாயை வீணாக விழுங்கியிருக்கிறேன்.

"காசு கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற எழுதியிருப்பேனேப்பா" என்றார். சல்ஃபாசலசின் என்று பழைய மருந்து. மூட்டுவாதத்துக்காக 1930-களின் கடைசியில் சுவீடனில் கண்டுபிடித்ததாம். குடலுக்குள் போய் மெசலமைனாகப் பிரிகிற சரக்குதான். கூடவே ஃபோலிக் ஆசிட் போட வேண்டும், அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும். சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும், எனக்கு முதல் பத்து நாள் வந்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றார். ஆண்களுக்கு விந்தணு குறையும், மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், போதும். இப்போது மாதம் 600 ரூபாய் சொச்சம் ஆகிறது. செயினை இன்னும் மீட்கவில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம் பேக்கிங்கில் இருக்கும் ஒரு தம்பி. 20,400 வாங்குகிறான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும், மருந்து எல்லாம் அவன் இ.எஸ்.ஐ. கார்டில்தான். அவனுக்கு 800 கூட்டச் சொல்லி முதலாளி சீட்டு அனுப்பியிருக்கிறார். கூட்டினால் 21,200. மாதச் சம்பளத்தில் 500 மட்டும் கூட்டி, மீதியைத் தீபாவளி போனஸில் சேர்த்துக் கொடுத்தால் வரம்புக்குள்ளேயே நிற்பான், வருஷத்துக்கு ஒரு தடவை தரும் போனஸ் அந்தக் கணக்கில் வராது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். முதலாளி நாலு மணிக்கு வருவார்.