எடை பார்ப்பது அறைக்குள் மட்டும்

12 ஜூன் 2025

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு உயரம், எடை எடுத்து முடித்தாயிற்று. வராண்டாவில் வரிசையாக நிற்க வைத்து, எடையை உரக்கச் சொல்லி எழுதுவதுதான் வழக்கம். இந்த வருடம் ஒவ்வொருவராக விளையாட்டுச் சாமான் அறைக்குள் கூப்பிட்டேன். நேரம் கூடுதலாக ஆனது, ஆகட்டும். பதிமூன்று வயதுப் பெண்ணின் எடை அவளுக்கும் எனக்கும் வீட்டாருக்கும் தெரிந்தால் போதும்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பெரியவர்களின் பிஎம்ஐ கணக்கைப் பிள்ளைகளுக்கு அப்படியே போடக் கூடாது. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

20 ஜூன்

"குண்டா இருக்கிற பசங்களை மட்டும் காலையில சீக்கிரம் வரவெச்சு ஓட விடுங்க மேடம்" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு யோசனை. எனக்குச் சம்மதமில்லை. சிங்கப்பூரில் 1992-இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற பெயரில் எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். பருமன் சதவீதம் குறையத்தான் செய்தது. ஆனால் பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் கேலிக்கு ஆளானார்கள். 2007-இல் அதைக் கைவிட்டு, எல்லா மாணவருக்குமான திட்டத்துக்கு மாறினார்கள். இத்தனையும் தெரிந்த பிறகு நாம் ஏன் அதே வழியில் போக வேண்டும்?

ஹெச்.எம். ஒத்துக்கொண்டார். முழு வகுப்புக்கும்தான் பயிற்சி.

3 ஜூலை

கபடி நன்றாகப் போகிறது. உடம்பு கனமான பிள்ளை காலைப் பிடித்தால் ரெய்டர் நகர முடியாது. அவர்களைத் தன் அணிக்குக் கேட்டு அடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு பெண் மட்டும் தினமும் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடுவாள். தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: "ஓடினா தொடை உரசிப் புண்ணாயிடுது மிஸ்." யூனிஃபார்முக்கு உள்ளே முட்டிவரை வரும் பனியன் துணி ஷார்ட்ஸ் போடச் சொன்னேன். இன்று ஓடினாள்.

18 ஜூலை

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் காலர் பட்டனைக் கழற்றுவதே இல்லை. பின்கழுத்தில் வெல்வெட் போலத் தடித்த கறுப்பு. "பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்ச்சும் போகலை டீச்சர்" என்றார் அம்மா. தேய்த்துத் தேய்த்து ஓரம் சிவந்திருந்தது. இது அழுக்கில்லை, உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்று சொல்லி, அரசு மருத்துவமனையில் ரத்தச் சர்க்கரை பார்க்க அனுப்பினேன். அழுக்கு என்று இத்தனை நாள் அடி வாங்கியிருக்கிறான். மனசு ஆறவில்லை.

6 ஆகஸ்ட்

எந்தத் தின்பண்டத்தில், பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் சர்க்கரைப் பலகையை மாணவர் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லி சி.பி.எஸ்.இ. கடந்த மே மாதம் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நாங்கள் மாநிலப் பாடத்திட்டம். இருந்தாலும் நல்லதை எடுத்துக்கொள்வோமே. 300 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை. காலி பாட்டிலில் பிள்ளைகளையே அள்ளிப் போடச் சொன்னேன், எட்டு டீஸ்பூன். சத்தமே இல்லை வகுப்பில்.

கேன்டீனில் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல். முதலில் விற்கவில்லை. தேங்காய், மாங்காய் போட்டதும் இடைவேளை முடிவதற்குள் பாத்திரம் காலி. கேட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடைதான் பிரச்சினை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020 விதி இருக்கிறது. கடைக்காரரிடம் பேசினேன். கடலை மிட்டாயை முன்னால் வைக்கிறேன் என்றிருக்கிறார்.

29 ஆகஸ்ட்

போர்ஷன் முடியவில்லையாம், பி.டி. பீரியட் மறுபடியும் கணக்குக்குப் போய்விட்டது. அப்படிக் கடன் வாங்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சரான புதிதில், 2022-இலேயே கேட்டுக்கொண்டார். இந்த வயதுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். எங்களிடம் இருப்பது இரண்டு பீரியட், 80 நிமிடம். அதிலும் கை வைத்தால் எப்படி?

8 செப்டம்பர்

பின்கழுத்து கறுத்திருந்த அந்தப் பையனுக்கு மருத்துவமனையில் பார்த்ததில் சர்க்கரை நோய் இல்லை. எடையும் ஏறவில்லை, உயரம் கூடியிருக்கிறான். வளர்கிற பிள்ளைக்கு இதுவே நல்ல முன்னேற்றம். "ஒரு கிலோகூடக் குறையலையே, ராத்திரி சாப்பாட்டை நிறுத்திடட்டுமா டீச்சர்?" என்றார் அம்மா. கூடவே கூடாது என்றேன். இட்லியைக் குறைக்க வேண்டாம், சாம்பாரில் காய் கூட்டுங்கள், டியூஷன் போகும் வழியில் வாங்கும் கூல்டிரிங்ஸை நிறுத்துங்கள், அது போதும்.

காலாண்டுத் தேர்வு முடியும்வரை பி.டி. பீரியட் கிடையாதாம். மாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு முன் இருபது நிமிடமாவது மைதானத்துக்கு விடக் கேட்டு ஹெச்.எம்.மிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். நாளை பதில் சொல்கிறாராம்.