பெரியப்பாவும் சிவப்புப் பாண்டாவும்

பெரியப்பா தன் நண்பருக்காக இணையத்தில் கைத்தடி தேடினார். ஒரே ஒரு தடவை. வாங்கியும் ஆயிற்று, நண்பர் அதை ஊன்றிக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் விளம்பரம் மட்டும் பெரியப்பாவை விடுவதாக இல்லை. செய்தி படித்தால் கைத்தடி, வானிலை பார்த்தால் மடக்குக் கைத்தடி. "வாங்கியாச்சுன்னு இவங்ககிட்ட எப்படிப்பா சொல்றது?" என்று ஒரு நாள் பரிதாபமாகக் கேட்டார்.

இப்படி யாராவது மாட்டுவார்களா என்று காத்திருந்தவன் நான். "பிரவுசரை மாத்திடலாம் பெரியப்பா. ஃபயர்பாக்ஸ். இலவசம், ஓப்பன் சோர்ஸ்" என்று ஆரம்பித்தேன். அவர் முப்பது வருடம் தணிக்கைத் துறையில் இருந்தவர் என்பதை அந்த நேரம் பார்த்து மறந்துவிட்டேன்.

"இலவசம்னா யார் காசு போடறாங்க?"

மொசில்லா என்று லாப நோக்கமில்லாத அமைப்பு, 2003-இல் தொடங்கியது என்றேன். அது விலாசம், நான் கேட்டது வரவு என்றார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். ஃபயர்பாக்ஸில் வழக்கமான தேடுபொறியாக இருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம்தான் வருமானத்தில் பெரும் பகுதி.

"கூகுளுக்கும் ஒரு பிரவுசர் இருக்குல்ல?"

"ஆமா."

"அப்ப போட்டிக்காரன் காசுலதான் கடை நடக்குது." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தணிக்கைக்காரர்கள் கண்ணாடியைத் துடைத்தால் நல்லதற்கில்லை.

பேச்சை மாற்ற, ஓப்பன் சோர்ஸ் என்றால் கணக்குப் புத்தகத்தை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைப்பது மாதிரி, நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றேன்.

"நீ படிச்சியா?"

லட்சக்கணக்கான வரிகள். ஒரு வரி படித்ததில்லை. தெரிந்தவர்கள் படிப்பார்கள் என்று முனகினேன்.

அடுத்து ஃபயர்பாக்ஸ் சின்னத்தில் இருந்த படத்தைப் பார்த்து, "அது சரி, ஏன் நரி?" என்றார். இந்தக் கேள்விக்கு மட்டும் தயாராக இருந்தேன். ஃபயர்பாக்ஸ் என்பது சிவப்புப் பாண்டா என்ற விலங்குக்கு இன்னொரு பெயர். முதலில் பீனிக்ஸ் என்று வைத்தார்கள். அது எங்கள் பெயர் என்று ஒரு நிறுவனம் வந்தது. ஃபயர்பேர்ட் என்று மாற்றினார்கள். அதே பெயரில் இருந்த தரவுத்தள மென்பொருள்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் 2004 பிப்ரவரியில்தான் இந்தப் பெயர் நிலைத்தது. "அதனால நரி இல்ல பெரியப்பா, பாண்டா."

"மூணு பேர்ல நடந்த கம்பெனியா! ஆடிட்ல முதல்ல அதைத்தான் நோண்டுவோம்."

இவ்வளவும் ஆன பிறகு நிறுவச் சம்மதித்தார். அது ஐந்து நிமிட வேலை. புக்மார்க், கடவுச்சொல் எல்லாம் பழைய பிரவுசரிலிருந்து தானாக வந்துவிட்டன. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியையும் சேர்த்துவிட்டேன். கைத்தடி போன இடம் தெரியவில்லை.

நான் செய்த பிழை, முகவரிப் பட்டையில் இருக்கும் கேடயக் குறியைக் காட்டியது. நாம் எதைப் பார்க்கிறோம் என்று தளத்துக்குத் தளம் பின்தொடரும் நிரல்கள் எத்தனை தடுக்கப்பட்டன என்று அந்த வாரத்துக்கு வரைபடமே போட்டுக் காட்டும் பக்கம் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான், ஓய்வுபெற்றவருக்கு மறுபடி வேலை கிடைத்துவிட்டது. தினமும் இரவு எனக்கு போன். "நேத்தைவிட இன்னிக்கு அதிகம். அந்தச் சமையல் குறிப்புத் தளம் சரியில்லை." நோட்டுப் போட்டு எழுதுகிறார். ஏதோ ஒரு அலுவலகத் தளம் ஃபயர்பாக்ஸில் திறக்க மறுத்தபோது, என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அதற்கு மட்டும் பழைய பிரவுசரைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிட்டு, அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

போன வாரம் வீட்டுக்கு வந்தவர், எதையோ பார்க்க என் போனைக் கேட்டார். யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். பக்கம் திறந்ததும் அதை மறைத்துக்கொண்டு பெரிய விளம்பரம். வழுக்கையில் முடி வளர்க்கும் தைலம். பெரியப்பா விளம்பரத்தைப் பார்த்தார். என் முன்நெற்றியைப் பார்த்தார். மறுபடி விளம்பரத்தைப் பார்த்தார்.

"இது அந்த நரி இல்லையே?"

போனோடு வந்த பிரவுசர் பெரியப்பா, மாற்ற நேரமில்லை என்று இழுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "அது நரி இல்ல, பாண்டா" என்றேன்.