பள்ளத்துக்கும் பட்ஜெட் உண்டு

எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி இரண்டு கம்பு, நடுவில் ஒரு சிவப்பு வெள்ளை ரிப்பன். அதுதான் பாதுகாப்பு. ராத்திரி தெருவிளக்கு எரியவில்லை என்றால் ரிப்பனும் தெரியாது. 2022 அக்டோபரில் சென்னையில் இப்படி ஒரு பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரை விட்டார். அதற்குப் பிறகும் ரிப்பன்தானா?

சென்னையின் தெற்கே கோவளம் வடிநிலப் பகுதி வடிகால்களுக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி, வடக்கே கொசஸ்தலையாறு பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கி என்று கடன் வாங்கித்தான் வேலை நடக்கிறது. வெள்ளத்தைப் பார்த்த ஊர், வடிகால் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் கடன் வாங்கிக் கட்டும்போது தடுப்பு, விளக்கு, குடிநீர்க் குழாய் உடையாமல் தோண்டுவது எல்லாமே அந்த வேலையில் சேர்ந்ததுதான். குழாய் உடைந்தால் கலங்கல் தண்ணீரைக் குடிப்பது நாம்.

பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படிப்பட்ட சிறு நகரங்களில் இருக்கும் நண்பர்களே, அந்தப் பணம் எதற்குப் போனது என்று பார்க்க உங்கள் ஊர் மன்றத் தீர்மானங்களையும் வாங்கிப் படியுங்கள்.

அப்புறம், எங்கள் வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு நான் போகிறேன். வடிகால் ஒப்பந்தத்தில் தடுப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்கப்போகிறேன். தெருக்காரர்கள் யாராவது கூட வருகிறீர்களா?