வேனின் அடியில் ஓர் ஓட்டை

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் வேனை நிறுத்தினால் யாராவது எட்டிப் பார்க்காமல் போவதில்லை. கட்டிலைப் பாராட்டுவார்கள், குட்டிச் சமையல் மேடையைப் பாராட்டுவார்கள். கேஸ் அலமாரியின் தரையில் இருக்கும் ஓட்டையைக் கண்டதும், "என்னம்மா இது, எலி வராதா? அடைச்சிடுங்க" என்பார்கள்.

அடைக்கவே கூடாது. நம் தோம்பில், அதாவது கேஸ் சிலிண்டரில், வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். எங்கள் வேனில் பள்ளம் என்றால் கட்டிலுக்கு அடியில். பேட்டரியும் தண்ணீர்ப் பம்பும் அங்கேதான். அதனால் அலமாரிக்கும் வேனுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் அடைத்து, கசிகிற கேஸ் வெளியே போகக் கீழே மட்டும் திறந்து விட்டிருக்கிறோம். எலிக்குத் துருப்பிடிக்காத கம்பி வலை. அதில் தூசி அடைத்துக்கொள்ளும், பழைய பல் பிரஷால் தேய்த்துவிடுவேன்.

வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங், எனக்குக் கேஸ். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். கொழுந்தனாருக்கு இதில் வருத்தம். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கட்டும் என்று சார் கொய்த்தியாவ் (வறுத்த நூடுல்ஸ்) கடைகளில் போடுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி வந்தார். தோம்பில் அழகாகப் பொருந்தும், அதுதான் ஆபத்தே. வேன் அடுப்பும் குழாயும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

தோம்பை மாற்றும்போது அதன் வாய்க்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள். விரிசல் விட்டிருந்தால் வேறு தோம்பு கேளுங்கள், கடைக்காரர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. நிமிர்த்தி வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். படுக்கப் போட்டால் வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும்.

பிறகு சோப்புத் தண்ணீர். அடுப்பை மூடி, தோம்பைத் திறந்து, ரெகுலேட்டர், ஹோஸின் இரு முனை, ஒவ்வொரு இணைப்பு என்று தடவிக்கொண்டே போவேன். குமிழி வந்தால் தோம்பை மூடிவிட்டுப் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுவோம். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்! வீட்டுச் சமையலறையில் இத்தனை தடவை பார்க்க மாட்டேன்தான். ஆனால் வீடு பள்ளம் மேட்டில் குலுங்குவதில்லை, கடல் உப்பும் இவ்வளவு படுவதில்லை.

அலாரம் இரண்டு. கேஸ் அலாரம் கணுக்கால் உயரத்தில். கார்பன் மோனாக்சைடு (காற்று போதாமல் எரியும்போது வரும் நச்சு வாயு) அலாரம் படுக்கையில் தலை இருக்கும் உயரத்தில். கேஸில் நாற்றம் கலந்து விற்கிறார்கள், மூக்குக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. கேமரன் மலைக் குளிருக்கு அடுப்பை எரியவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சுடர் நீலமாக இருக்கணும். மஞ்சளாகி, சட்டியின் அடி கரியானால் காற்று போதவில்லை. வேன் சில வாரம் சும்மா நின்றால் குளவி மண்கூடு கட்டிவிடும், பர்னர் குழாயையும் ஃப்ரிட்ஜின் வெளிப்பக்கத் துவாரத்தையும் பார்த்துவிடுங்கள்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கேஸிலும் ஓடும். உள்ளே ஒரு சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருப்பது பலருக்குத் தெரியாது. அதனால் கிளம்பும்போதே தோம்பை மூடி, ஃப்ரிட்ஜை பேட்டரிக்கு மாற்றிவிடுவேன். பெட்ரோல் நிலையத்தில் நுழைந்த பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.