தொட்டியில் கிடக்கும் 43 கற்கள்

டிசம்பர் 1

அப்பச்சி, என் அப்பா, போய் மூன்று நாள் ஆகிறது. வீட்டின் உள்முற்றமான வளவில் விரித்த ஜமுக்காளத்தை மடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

டிசம்பர் 3

கேதம் கேட்க வருபவர்கள் எல்லோரும் மூன்றையே சொல்லிவிட்டுப் போகிறார்கள்: நல்ல மனிதர், நிறைவாக வாழ்ந்தார், படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தார். மூன்றாவதைக் கேட்கும்போது மட்டும் ஆத்தா, என் அம்மா, தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

மாலையில் எங்கள் பூக்கல் பட்டறை மேஸ்திரி வந்தார். நெடுநேரம் முகப்பில் நின்றுவிட்டு, அப்பச்சி கடைசிச் சனிக்கிழமை தம் கையாலேயே ஊற்றிய 43 தரைக் கற்கள் கீழைத் தொட்டியில் கிடக்கின்றன, எடுப்பதா வேண்டாமா என்று கேட்டார். கிடக்கட்டும் என்றேன்.

டிசம்பர் 5

ஆத்தங்குடிக்குப் போய்வந்தேன். பழைய வீடுகளை இடித்து, பர்மாத் தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த நாளில், 1984இல், உறவினர் சிரிப்பதைப் பொருட்படுத்தாமல் இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு அவர் இந்தப் பட்டறையைத் தொடங்கினார். வீடுகளே போகின்றன, தரைக்குப் பூக்கல் யார் வாங்குவார் என்று அப்பத்தாவே கேட்டாராம்.

சிறுவயதில் விடுமுறையெல்லாம் எனக்கு இங்கேதான் கழிந்தது. கண்ணாடியைத் துடைத்துச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் தகர அச்சை நிறுத்தி, ஒவ்வொரு அறையிலும் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் விட வேண்டும். பிறகு அச்சை ஒரே மூச்சில் நேராகத் தூக்க வேண்டும். கை இம்மி அசைந்தாலும் பச்சை சிவப்புக்குள் இறங்கிவிடும். அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரக் கலவையை வைத்து அமுக்கி, மறுநாள் கண்ணாடியோடு தொட்டியில் இறக்குவார்கள். சூளை கிடையாது, தண்ணீரும் வெயிலும்தான் கல்லை ஆக்குகின்றன. சாயம் இறங்கிய கல்லை அப்பச்சி குறைந்த விலைக்குக்கூடக் கொடுத்ததில்லை. அவரே சுத்தியலால் உடைப்பார்.

ஆர்டர் புத்தகத்தில் அந்த 43 கற்களுக்குப் பெயர் இல்லை.

டிசம்பர் 6

மழை. தொட்டி நிரம்பியிருக்கும்.

டிசம்பர் 9

ஊரணிக்கரைப் பொட்டலுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் தானாகப் போய்விட்டது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடியைப் பதக்கப் போட்டியாகச் சேர்த்து, இந்தியா தங்கம் வென்ற செய்தியைத் தினசரியில் படித்துவிட்டு, மறு ஆண்டே அப்பச்சி இங்கே 13 மீட்டருக்கு 10 மீட்டர் அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். அன்றிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மேல் எங்களுக்கு அப்பச்சி இல்லை. என் அக்காவை, ஆச்சியை, நிச்சயம் செய்ய வந்தவர்களே பட்டாலையில் அவருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. செம்மண் காலோடு வந்து உட்கார்ந்தார். இன்று அதைச் சொல்லி எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆச்சி அன்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

பையன்கள் கோடு போட்டு வைத்திருந்தார்கள், விளையாடவில்லை. அவர்களில் மூத்தவன், பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவன், சட்டைப் பையிலிருந்து அப்பச்சியின் விசிலை எடுத்துக் கொடுத்தான். ஐப்பசி பிறந்ததிலிருந்து மாஸ்டர் விசில் ஊதவில்லை, கையைத்தான் தட்டினார் என்றான். ஏன் என்று கேட்டேன். ஊதினால் மூச்சு வாங்குகிறது, வீட்டில் சொல்லாதீர்கள் என்றாராம்.

முப்பது விநாடியும் மூச்சு விடாமல் பாடிப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பக் கற்றுக்கொடுத்தவர்! ஏழு பையன்களும் அறிந்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் படுத்து எழுந்த நாங்கள் அறியவில்லை.

டிசம்பர் 10

ஆத்தாவிடம் விசிலைக் காட்டினேன். வாங்கி மடியில் முடிந்துகொண்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ?

டிசம்பர் 12

பேரேட்டைப் புரட்டினேன். பர்மாவில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குக் கற்ற ஐயாவின், என் தாத்தாவின், பிள்ளை அல்லவா, ஆண்டு தவறாமல் ஐந்தொகை கட்டியிருக்கிறார். என் கல்லூரிக் கட்டணம், ஆச்சிக்கு வாங்கிய வெள்ளிச் சாமான், மேஸ்திரி மகளின் பிரசவச் செலவு எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 'பொட்டல்' என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. முழங்கால் பட்டை, முட்டை, பேருந்துக் கட்டணம் என்று பற்று மட்டும் நிறைந்து கிடக்கிறது, வரவுப் பக்கம் ஒரு வரிகூட இல்லை. வியாபாரத்தில் காலணாவை விடாதவர் அந்தப் பக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் வெறுமையாகவே கூட்டிக் கோடிட்டிருக்கிறார். என் கட்டணத்துக்காகக் கடன் வாங்கிய அதே மாதத்தில் பையன்களுக்குப் பனியன் வாங்கியிருப்பதைப் பார்த்ததும் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் அது முழுவதும் போகவில்லை.

மருத்துவம் என்ற தலைப்பில் கார்த்திகை வரை ஒரு பைசாவும் இல்லை.

டிசம்பர் 14

படத்திறப்பு அன்று வாசிக்க அரைப் பக்கம் வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமாம். 'சிறந்த குடும்பத் தலைவர், தொழில் முனைவர், இளைஞர்களின் வழிகாட்டி' என்று எழுதினேன். அச்சடித்த அழைப்பிதழைப் போல இருந்தது. கிழித்துவிட்டேன்.

டிசம்பர் 15

மேஸ்திரி தொலைபேசியில் அழைத்தார். "தண்ணியில கிடந்தாக் கெட்டுப்போகாது தம்பி, இறுகத்தான் செய்யும்" என்றார். பிறகு, அப்பச்சி எப்போதும் கண்ணாடி முகம் வெளியே தெரியத்தான் அடுக்குவார், இந்த முறை சுவரைப் பார்க்க அடுக்கியிருக்கிறார் என்றும் சொன்னார். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

டிசம்பர் 19

பிள்ளையார் நோன்பு வந்து போனது. எங்கள் வீட்டில் இந்த ஆண்டு இல்லை. கோடி வேட்டியிலிருந்து 21 இழை எடுத்துத் திரித்து, இழைமா என்னும் இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு எங்கள் கையில் கொடுக்கும்போது அவர் விரல் ஒருபோதும் நடுங்கியதில்லை. போன ஆண்டும் நடுங்கவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன், நடுங்கவில்லை.

டிசம்பர் 22

இரண்டு நாளாக நல்ல வெயில். காலையில் ஆத்தாவே, போய் எடுத்துவிட்டு வா என்றார்.

மேஸ்திரி தொட்டியில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தார். நான் வாங்கிச் சுவரோரம் சாய்த்தேன். நடுவில் தாமரை, மூலைகளில் பச்சை இலை, சுற்றிலும் சிவப்பு. எங்கள் வளவின் தரையில் இருக்கும் அதே பூ. முதல் கல்லில் இடது மூலைப் பச்சை, விரல் நகத்தளவு சிவப்புக்குள் இறங்கியிருந்தது. இரண்டாவதிலும் அதே மூலை. பத்தாவதுக்குப் பிறகு இலைக்கும் கரைக்கும் நடுவே கோடே இல்லை. அச்சைத் தூக்கியதுமே அது அவர் கண்ணில் பட்டிருக்கும். அப்படியும் 43 ஊற்றியிருக்கிறார்.

உடைத்துவிடட்டுமா என்று மேஸ்திரி கேட்டார், சுத்தியலை எடுக்காமலே. காய்ந்ததும் கண்ணாடியைக் கழற்றுங்கள், முதலில் ஈரம் போகட்டும் என்றேன். ஐந்து மணி ஆகியிருந்தது. பொட்டலில் யாரோ கை தட்டும் ஓசை